ரத்தம், கெட்ட வார்த்தை இல்லாத கேம் சப்பென்று இருக்குமா?

கடைக்காரன் (தருமபுரி)

தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னதாக ஒரு கேம் சென்டர் நடத்துகிறேன். கடைக்கு வரும் கல்லூரிப் பையன்களிடம் ஒரு பேச்சு அடிக்கடி அடிபடுகிறது. 18+ முத்திரை இல்லாத கேம் எல்லாம் பொடிசுகளுக்கு, ரத்தம், கெட்ட வார்த்தை, அப்புறம் அந்த மாதிரி ஒன்றிரண்டு காட்சி இருந்தால்தான் ஆட்டம் களை கட்டும் என்று.

என் கல்லாப்பெட்டி வேறு கதை சொல்கிறது. மணிக் கணக்கில் காசு கொடுத்து ஆடும் இடத்தில் எவனும் பந்தாவுக்கு ஆட மாட்டான், பிடித்ததைத்தான் ஆடுவான். இங்கே முதலிடம் ஃபிஃபா ஃபுட்பால். (2023இல் எஃப்சி என்று பெயரை மாற்றிவிட்டார்கள். என் கடையில் எவனும் அப்படிக் கூப்பிடுவதில்லை.) நான்கு பேர் இரண்டு இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்து, ஆட்டம் பெனால்டிக்குப் போனால் பக்கத்து டீக்கடையில் இருப்பவர்கூட கிளாஸோடு வந்து எட்டிப் பார்க்கிறார். ஒரு சொட்டு ரத்தம் இல்லை. கெட்ட வார்த்தை உண்டு, ஆனால் அது சிடியில் வரவில்லை, ஆடுகிறவன் வாயில் வருகிறது.

கொள்ளை, துப்பாக்கிச் சண்டை என்று போகும் 18+ கேமான ஜிடிஏ 5 கேட்கிறவர்களும் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. போட்டுக் கொடுத்துவிட்டுப் பின்னால் நின்று பார்த்தால் சிரிப்புத்தான் வரும். பாதிப் பேர் கேம் கொடுக்கும் வேலையான மிஷன் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. ஒருவன் பைக்கை மலை உச்சிக்கு ஏற்றி அங்கிருந்து குதிப்பான், மறுபடி ஏற்றுவான், மறுபடி குதிப்பான். இன்னொருவன் சிவப்பு விளக்கில் ஒழுங்காக நின்று, பச்சை விழுந்த பிறகு கிளம்புகிறான். நிஜத்தில் நாலு ரோட்டில் அவன் அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

என் கட்சி இதுதான்: கேமில் ருசி கையில் இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் திரையில் பட்டென்று ஏதாவது நடக்க வேண்டும், தோற்றால் "இன்னும் ஒரே ஒரு தடவை" என்று கை பரபரக்க வேண்டும். மற்றதெல்லாம் ஜோடனை. மறுக்கிறவர்கள் வரலாம்.

நைட் ஷிஃப்ட் (ஓசூர்)

அண்ணா, உங்கள் கடைக் கூட்டத்தை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. அங்கே கடிகாரம் ஓடுகிறது, காசு ஓடுகிறது. அந்த ஒரு மணி நேரத்தில் யார் உட்கார்ந்து கதை கேட்பார்கள்? கூட்டமாகக் கத்தி ஆடுவதுதான் எடுபடும். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டில் எல்லோரும் தூங்கும்போது ஹெட்செட் மாட்டிக்கொண்டு தனியாக ஆடுகிறவனையும் கேளுங்கள்.

ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 (2018) என்று ஒன்று. கதை நடப்பது 1899இல், அமெரிக்காவில் ஒரு கொள்ளைக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறுகிறது. ஆர்தர் என்கிறவன் வட்டிப் பணம் வசூலிக்கப் போன இடத்தில், இருமிக்கொண்டு நிற்கும் ஒரு ஏழையைப் போட்டு அடிக்கிறான். நாம்தான் அடிக்கிறோம், பொத்தான் நம் கையில் இருக்கிறது. அந்த ஓர் அடிக்கு அவன் கடைசிவரை விலை கொடுக்கிறான். ஆடாதவர்களுக்காக இதற்கு மேல் சொல்லவில்லை. அந்த இடத்தை மெத்தென்று காட்டியிருந்தால் பின்னால் வரும் எதுவும் உறைத்திருக்காது.

எனக்கு 34 வயது. வட்டி கட்டுகிறேன், ஆஸ்பத்திரிக்கு அலைகிறேன். எந்நேரமும் காளானைத் தின்று வளரும் மீசைக்கார மாரியோவையே ஆட்டிக்கொண்டிருக்க முடியாது.

டாரஸ் வீட்டுப் பிள்ளை (கிருஷ்ணகிரி)

எங்கள் வீட்டு நிலவரம்: அப்பா லாரி டிரைவர். மாம்பழ சீசனில் கூழ் ஃபேக்டரி லோடு, மற்ற நாளில் கிடைத்த லோடு. வாரக் கணக்கில் ரோட்டில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர், குளித்துச் சாப்பிட்டு என்ன செய்வார் என்று நினைக்கிறீர்கள்? என் கம்ப்யூட்டரில் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 ஓட்டுவார். அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

2012இல் செக் நாட்டுக் கம்பெனி ஒன்று விட்ட கேம், இன்றைக்கும் ஓடுகிறது. சுட ஆள் இல்லை, துரத்த போலீஸ் இல்லை. சரக்கை ஏற்று, டீசல் பார், தூக்கம் வந்தால் நிறுத்து, கொண்டுபோய் இறக்கு. கடைசியில் டிரெய்லரை ரிவர்ஸில் மடக்கி ஷெட்டுக்குள் விட வேண்டும் பாருங்கள், அப்போது வீட்டில் ஒருத்தர் இருமக் கூடாது. அப்பா பக்கக் கண்ணாடியைப் பார்க்கத் தலையை நிஜமாகவே சாய்ப்பார்.

நான் போனில் பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா. நம் பக்கத்து பிரைவேட் பஸ் பெயின்ட், ஏர் ஹாரன் எல்லாம் பையன்களே செய்து போட்டிருக்கிறார்கள். தொப்பூர் கணவாயில் பிரேக் மேல் கால் வைத்துக்கொண்டே இறங்கும் பயம் தெரிந்தவனுக்கு, கேமில் ஓர் இறக்கம் வந்தால் போதும், ரத்தம் தேவையில்லை.

பழைய கேசட் (தருமபுரி)

கடைக்காரர் தம்பி சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் வரலாறு அவருக்கு எதிராகவும் சாட்சி சொல்லும்.

மார்ட்டல் காம்பேட் 1992இல் காசு போட்டு ஆடும் பெட்டியாக வந்தது. அடித்தால் ரத்தம் தெறிக்கும், கடைசியில் எதிராளியின் முதுகெலும்பைத் தலையோடு உருவுவார்கள். அடுத்த வருடம் வீட்டு கன்சோல்களுக்கு வந்தபோது நின்டென்டோ கம்பெனி ரத்தத்துக்கு அனுமதி கொடுக்கவில்லை. அவர்கள் மெஷினில் ரத்தம் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் வியர்வை தெறித்தது. சேகா கம்பெனி மெஷினில் ஒரு ரகசியக் கோட் போட்டால் ரத்தம் வந்துவிடும். படம் பார்க்க நின்டென்டோவில்தான் நன்றாக இருந்தது. ஆனால் அதிகம் விற்றது சேகா. இரண்டாம் பாகம் வந்தபோது நின்டென்டோவும் ரத்தத்துக்கு வழி விட்டுவிட்டது.

1993 டிசம்பரில் அமெரிக்க செனட்டில் இதையும் நைட் டிராப் என்ற கேமையும் வைத்து விசாரணையே நடந்தது. அந்த நெருக்கடியில்தான் 1994இல் இஎஸ்ஆர்பி என்ற வயது முத்திரை அமைப்பை கேம் கம்பெனிகளே ஆரம்பித்தார்கள். ஐரோப்பாவின் பெகி 2003இல் வந்தது. ஆக, ஒரே கேம், ஒன்றில் ரத்தம், ஒன்றில் வியர்வை. சனம் ரத்தத்தைத்தான் வாங்கியது. இதற்கு என்ன பதில்?

கடைக்காரன் (தருமபுரி)

பதில் இருக்கிறது அண்ணா. விற்பது வேறு, ஆடி அனுபவிப்பது வேறு. வேண்டாம் என்று மூடி வைத்ததைத் திறந்து பார்க்கத்தான் சனம் ஓடும். அதே காலத்தில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடவில்லையா? அதில் முதுகெலும்பை உருவினார்களா? இன்றைக்கும் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் கேம் என்றால் அதன் வம்சத்தைத்தான் சொல்கிறார்கள்.

ஹேட்ரெட் என்று 2015இல் ஒன்று வந்தது ஞாபகம் இருக்கிறதா? தெருவில் போகிற வருகிறவனை எல்லாம் கொல்வதுதான் முழு ஆட்டமும். அமெரிக்காவில் ஆக உச்ச முத்திரையான ஏஓவையே (பெரியவர்களுக்கு மட்டும்) குத்தினார்கள். வெறும் 18+ சமாச்சாரமே போதும் என்றால் அது எங்கேயோ போயிருக்க வேண்டும். இன்றைக்கு யார் அதை ஆடுகிறார்கள்?

செகண்ட் இயர் (அரூர்)

அண்ணா உங்கள் கடைக்கு வருகிற பையன்தான் நான், அந்தப் பேச்சைக் கிளப்பியதில் எனக்கும் பங்கு உண்டு. எல்லோரும் ரத்தத்தை ஜோடனை, ஜோடனை என்கிறீர்கள். டூம் ஆடியிருக்கிறீர்களா? 2016இல் வந்தது, அடுத்தது டூம் எடர்னல், 2020.

அதில் உயிர் குறைந்தால் ஓடி ஒளிய முடியாது. அரக்கனை அரைகுறையாக அடித்துத் தள்ளாட வைத்து, பக்கத்தில் போய்க் கையாலேயே பிய்த்து எறிய வேண்டும். அப்போதுதான் உயிர் உருண்டைகள் கொட்டும். சாகக் கிடக்கும்போது முன்னால் பாய்ந்தால் பிழைப்பாய், பின்வாங்கினால் காலி. அந்தக் கொடூரம்தான் அங்கே ஆட்டத்தின் விதி. எடுத்துவிட்டால் கேமே இல்லை. நீங்கள் சொன்ன "கையில் இருக்கும் ருசி"தான் இது அண்ணா, சிவப்பாக இருக்கிறது, அவ்வளவுதான்.

ஜமுனா (ஓசூர்)

செகண்ட் இயர் தம்பி சொன்னது நல்ல பாயிண்ட். இந்த இழையில் இதுவரை வந்ததில் நல்லது. ஆனால் கடைசி வரியில் நீங்களே மாட்டிக்கொண்டீர்கள்.

ஸ்பிளாட்டூன் (2015, நின்டென்டோ) எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் துப்பாக்கி கேம்தான். குண்டுக்குப் பதில் மை. நான்கு பேர் கொண்ட அணி தரையெல்லாம் தன் நிறத்தை அடித்து இடம் பிடிக்க வேண்டும். நம் நிற மைக்குள் கணவாய் மீனாக மாறி நீந்தினால் வேகம் கூடும், தொட்டி நிரம்பும், எதிராளி கண்ணில் படாமல் ஒளியலாம். எதிரி மையில் கால் வைத்தால் சேற்றில் மாட்டியது மாதிரி ஆகிவிடும். டூமில் ரத்தம் செய்கிற வேலை அத்தனையும் அங்கே மை செய்கிறது, கூடவே இன்னும் நான்கு வேலை செய்கிறது. அடித்த அடி கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் ஆட்டம் மாற வேண்டும். அதைச் செய்வது சிவப்பா, ஊதாவா என்பதில் என்ன இருக்கிறது?

செகண்ட் இயர் (அரூர்)

ஊதா மையில் எனக்குப் பயம் வராது அக்கா. அரக்கன் வந்தால் வரும். எனக்கு அந்தப் பயம் வேண்டும்.

ஜமுனா (ஓசூர்)

அது நியாயம். பிடித்தால் ஆடுங்கள். எல்லா கேமுக்கும் அது வேண்டும் என்பதுதான் எனக்கு ஒத்துவரவில்லை.

கணக்கு டீச்சர் (பென்னாகரம்)

எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். கேம் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கடைசி பெஞ்ச் வழியாக வந்ததுதான்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சோதனை நடந்து முடிந்துவிட்டது, யாரும் கவனிக்கவில்லை. பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்று பெயர் மாற்றி வந்தது. வந்தபோது ரத்தம் பச்சை. "கொன்றான்" என்ற இடத்தில் எல்லாம் "முடித்தான்" என்ற அர்த்தத்தில் வேறு வார்த்தை. 18 வயதுக்குக் கீழே என்றால் ஒரு நாளைக்கு இவ்வளவு நேரம்தான் என்று வரம்பும் வைத்தார்கள். ரத்தம் பச்சையாகிவிட்டது, இனி வேண்டாம் என்று விட்ட ஒரு பையனை எனக்குத் தெரியாது. விட்டுவிட்டு வேறு வேலை பார்க்க வைப்பது அந்த நிறம் இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

என் வகுப்பில் பேச்செல்லாம் ஸ்கின் (கேம் ஆளுக்குப் போடும் உடுப்பு), டைமண்ட் (கேமுக்குள் செலவாகும் காசு), ரேங்க். எவன் யாரை எப்படிச் சுட்டான் என்று பேசிக் கேட்டதே இல்லை. எந்தச் சட்டை போட்டுக்கொண்டு சுட்டான் என்றுதான் பேசுகிறார்கள். ஒரு பையன் ஏதோ ஒரு துப்பாக்கி கேமில் அப்பா போனிலிருந்து டைமண்ட் வாங்கித் தள்ளிவிட்டான். அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். பள்ளிக்கு வந்து, "டீச்சர், வைரம் வாங்கினானாம், வைரம் எங்கே?" என்று கேட்டார். என்ன சொல்வது?

அந்த கேமில் ரத்தம் சொற்பம், ஆபாசம் ஒன்றுமில்லை. வயது முத்திரையை மட்டும் பார்த்தால் பெரிய குற்றமாகத் தெரியாது.

டாரஸ் வீட்டுப் பிள்ளை (கிருஷ்ணகிரி)

டீச்சர், அந்தக் கேள்வியை கேம் கம்பெனிக்காரனிடம் கேட்டால் அவனிடமும் பதில் இருக்காது.

பாலக்கோட்டான்

எல்லோரும் ரத்தம், வயது வரம்பு என்று ஏதோ வெளிநாட்டிலிருந்து இறங்கிய சரக்கு போலப் பேசுகிறீர்கள். நம் பக்கத்தில் பாரதம் நடக்கும் ஊரில் வளர்ந்தவர்கள் யாரும் இங்கே இல்லையா?

பதினெட்டு நாள். பகலில் சொற்பொழிவு, ராத்திரி கூத்து. துகில் உரிகிற கூத்து அன்றைக்கு திரௌபதி வேஷக்காரர் கதறுகிற கதறலில் முன்வரிசைப் பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எந்த அம்மாவும் கண்ணைப் பொத்தியதில்லை. கடைசி நாள் படுகளம். துரியோதனனை மண்ணில் மல்லாக்க, ஆள் மேல் ஏறி நடக்கிற அளவுக்குப் பெரிதாகச் செய்து வைப்பார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்து தொடையில் ஒரே போடு. உள்ளே வைத்திருக்கும் பானை உடைந்து சிவப்பு நீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுத் தலையில் பூசி, விரித்த கூந்தலை முடிகிறாள். சுற்றி நிற்கிற சனம் கும்பிடுகிறது. இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள்.

சரி, கூத்துக் கோமாளி கட்டியங்காரன் பேசுகிற பேச்சுக்கு உங்கள் இஎஸ்ஆர்பி என்ன முத்திரை குத்தும்? அவன் அடிக்கும் இரட்டை அர்த்தத்துக்கு என் பாட்டிதான் முதலில் சிரிப்பார்.

அந்தச் சிவப்பு நீர் இல்லாமல் படுகளம் நடத்திப் பாருங்கள். பதினெட்டு நாள் உட்கார்ந்த சனம் சும்மா விடாது. நைட் ஷிஃப்ட் சொல்வதுதான் சரி, கதை கேட்டால் ரத்தம் வரத்தான் வேண்டும்.

நைட் ஷிஃப்ட் (ஓசூர்)

இதைத்தான் சொல்ல வார்த்தை கிடைக்காமல் தவித்தேன். பதினேழு நாள் கடன் அந்த ஓர் அடியில் தீர்கிறது. முதல் நாளே பானையை உடைத்தால் அது வெறும் சிவப்புத் தண்ணீர். ஹேட்ரெட் போன்றவை முதல் நாளே பானையை உடைக்கிற ரகம்.

கணக்கு டீச்சர் (பென்னாகரம்)

பாலக்கோடு அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கும் எங்கள் ஊர்ப் படுகளம் கண்ணில் வந்து நின்றது. ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டார். அங்கே பிள்ளையின் வலது பக்கம் அம்மா, இடது பக்கம் பாட்டி, முதுகுக்குப் பின்னால் ஊரே இருந்தது. "ஏன் அடிக்கிறான்?" என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருந்தது. பதில் சொல்லிச் சொல்லியே பாரதம் பாதி தெரிந்துவிடும். போர்வைக்குள் போனை வைத்து ஆடும் பையன் யாரிடம் கேட்பான்?

பாலக்கோட்டான்

சரிதான் டீச்சர். ஆனால் அது கேமின் குற்றமா, போர்வையின் குற்றமா?

பழைய கேசட் (தருமபுரி)

போர்வைக்கு முத்திரை குத்தச் சொல்லிவிடுவார்கள், வேண்டாம்.

ஜமுனா (ஓசூர்)

எல்லோரும் நாசூக்காகத் தள்ளி வைத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ரத்தம் பற்றி இத்தனை பேர் எழுதியாயிற்று. படுக்கைக் காட்சி பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

விட்சர் 3 (2015) முடித்திருக்கிறேன், பால்டுர்ஸ் கேட் 3 (2023) ஆடிக்கொண்டிருக்கிறேன். இரண்டிலும் அது உண்டு. இரண்டாவதில் யாரோடு பழகுவது, எவ்வளவு தூரம், வேண்டாம் என்றால் எப்படிச் சொல்வது என்பதெல்லாம் நம் தேர்வு. ஆடுகிற பெண்ணாகச் சொல்கிறேன், அது எனக்குக் கூச்சமாக இல்லை. பேசிப் பழகி, சண்டை போட்டு, பிறகு வருகிறது. ஆனால் எத்தனையோ கேம்களில் போருக்குப் போகும் பெண்ணுக்கு வயிற்றுக்குக் கவசமே கிடையாது. அது கதைக்காக வைத்ததில்லை, அட்டைப்படத்துக்காக வைத்தது. ஆடும்போது எரிச்சல்தான் வருகிறது.

இன்னொன்று. நான் கேட்டதிலேயே மோசமான 18+ சமாச்சாரம் எந்தக் கதை கேமிலும் இல்லை, மைக்கில்தான். ஆன்லைனில் ஐந்து பேர் சேர்ந்து ஆடும் கேம் ஒன்றில் என் குரல் கேட்டதும், மீசைகூட முளைத்திருக்காத ஒரு குரல் சுத்தமான தமிழில் பேசியதை இங்கே எழுத முடியாது. அந்த கேமுக்கு 18+ முத்திரை இல்லை. இஎஸ்ஆர்பி இதைப் பல வருடமாக அட்டையிலேயே போட்டுக்கொண்டிருந்தது: ஆன்லைனில் ஆட்கள் பேசிக்கொள்வதற்கு நாங்கள் முத்திரை தருவதில்லை என்று. அந்த வரியை எந்த அப்பா அம்மா படித்திருப்பார்கள்?

இப்போது மைக்கை அணைத்துவிட்டுத்தான் ஆடுகிறேன். ஆட்டம் பாதி போய்விடுகிறது, வேறு வழியில்லை.

டாரஸ் வீட்டுப் பிள்ளை (கிருஷ்ணகிரி)

அக்கா, எங்கள் பஸ் கான்வாய்க்கு வாருங்கள். அங்கே ஹாரன் சத்தத்தில் ஒருத்தன் பேசுவதும் கேட்காது.

நைட் ஷிஃப்ட் (ஓசூர்)

கடைக்காரர் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. நான் ரத்தத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. வயதுக்கேற்ற விஷயம் வேண்டும் என்கிறேன். அது ரத்தத்தோடும் வரும், இல்லாமலும் வரும்.

பேப்பர்ஸ், ப்ளீஸ் என்று 2013இல் ஒரே ஆள் செய்த கேம். நாம் எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட் சரிபார்க்கும் குமாஸ்தா. கணவனின் காகிதம் சரியாக இருக்கிறது, பின்னால் வரும் மனைவியின் காகிதத்தில் குறை. விட்டால் சம்பளம் பிடிப்பார்கள், வீட்டில் பிள்ளைக்கு மருந்து வாங்கப் பணம் குறையும். முத்திரையை எடுத்து வைத்துக்கொண்டு கை நடுங்க உட்கார்ந்திருந்தேன். தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்றே பழகியவனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

திஸ் வார் ஆஃப் மைன் (2014) போலந்துக்காரர்கள் செய்தது. போஸ்னியப் போரில் நடந்த சராயெவோ நகர முற்றுகையை மனதில் வைத்தது. போர் நடக்கும் ஊரில் நாம் சிப்பாய் இல்லை, வீட்டுக்குள் பதுங்கிக் கிடக்கும் சாதாரண ஆள். அடுத்த வீட்டுக் கிழவர் கிழவியிடம் மருந்து இருக்கிறது. நமக்கும் ஒருத்தர் காய்ச்சலில் கிடக்கிறார். திருடலாமா? திருடினால் நம் ஆட்களே சோர்ந்துபோய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுகிறார்கள். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி வாசிப்புப் பட்டியலில் சேர்த்தது, 18 வயது நிரம்பிய மாணவர்களுக்கு. இதை "ஜாலி" என்று சொல்வேனா? மாட்டேன். ஆனால் கீழே வைக்க மனம் வரவில்லை.

அப்புறம் வெண்பா (2023). நம் ஆட்கள் கனடாவில் செய்தது. 1980களில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம். அம்மாவின் பழைய சமையல் நோட்டு கிழிந்து, அழிந்து கிடக்கிறது. விட்டுப்போன வரியை நாம் யோசித்து இட்லி அவிக்க வேண்டும், புட்டு வைக்க வேண்டும். மகன் தமிழ் பேசக் கூச்சப்படுகிறான். கத்தி வருகிறது, வெங்காயம் நறுக்க மட்டும். 2024இல் பாஃப்டாவில் அறிமுக கேம் விருது வாங்கியது. பத்து வயதுப் பையனுக்குக் கொடுத்தால் சமையல் விளையாட்டு என்பான். வேலைக்காக ஊரை விட்டுப் போனவன் கையில் கொடுத்தால் பாதியில் எழுந்து அம்மாவுக்கு போன் போடுவான்.

கடைக்காரன் (தருமபுரி)

தம்பி, அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் ஒரே பக்கம்தானே நிற்கிறோம்? சண்டை எங்கே?

நைட் ஷிஃப்ட் (ஓசூர்)

மீதியெல்லாம் ஜோடனை என்றீர்களே, அங்கேதான் சண்டை. முத்திரை குத்தும் பொத்தானில் கைக்கு என்ன ருசி இருக்கிறது? அங்கே ருசி முழுக்க விஷயத்தில்தான்.

பழைய கேசட் (தருமபுரி)

விருது என்றதும் ஞாபகம் வந்தது. தி கேம் அவார்ட்ஸில் வருடத்தின் சிறந்த கேம்: 2020இல் தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2, பழிவாங்கலும் ரத்தமும்தான் முழுக்க. 2021இல் இட் டேக்ஸ் டூ, பொம்மை உலகம். 2023இல் பால்டுர்ஸ் கேட் 3. 2024இல் ஆஸ்ட்ரோ பாட், குட்டி ரோபோ குதித்துக் குதித்துப் போகும் கேம். விற்பனையிலும் அப்படித்தான், மைன்கிராஃப்ட் 30 கோடிக்கு மேல், அதற்குப் பின்னால் ஜிடிஏ 5 நிற்கிறது, 20 கோடிக்கு மேல். இரண்டு கட்சிக்காரர்களும் இதே கணக்கை எடுத்துக் காட்டிச் சண்டையைத் தொடரலாம்.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எனக்கு 11 வயதில் மகன். அண்ணன் மகன் பெங்களூர் போகும்போது பிஎஸ்4 கேம் மெஷினை இவனிடம் விட்டுவிட்டுப் போய்விட்டான். இவன் ஜிடிஏ 5 வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "எல்லோரும் ஆடுகிறார்கள், கார் ஓட்டத்தான்மா கேட்கிறேன்" என்கிறான். கடைக்காரர் அண்ணன் முதலில் எழுதியதைப் பார்த்தால் நிஜமாகவே கார் ஓட்டத்தான் கேட்கிறானோ என்று தோன்றுகிறது. வாங்கித் தரலாமா?

செகண்ட் இயர் (அரூர்)

அக்கா, வேண்டாம். 11 வயசுக்கு ஜிடிஏ வேண்டாம். நானே சொல்கிறேன்.

கணக்கு டீச்சர் (பென்னாகரம்)

நீ எந்த வயதில் ஆடினாய் தம்பி?

செகண்ட் இயர் (அரூர்)

அது வேற டீச்சர்.

நைட் ஷிஃப்ட் (ஓசூர்)

அவன் சிரிப்புக்குச் சொல்லவில்லை. அதில் ஒரு மிஷனில் கட்டிப் போட்ட ஓர் ஆளைச் சித்திரவதை செய்ய வேண்டும், கருவியை நாமே தேர்ந்தெடுத்து. எனக்கே அது பிடிக்கவில்லை. கார் ஓட்டத்தான் என்று பையன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கார் ஓட்ட அந்த வீட்டுக்குள் போக வேண்டியதில்லை.

கடைக்காரன் (தருமபுரி)

அம்மா, என் கடையில் பள்ளிக்கூடப் பையன்களுக்கு அந்த சிடியைக் கொடுப்பதில்லை. சினிமாவுக்கு இருப்பதுபோல் கேமுக்கு நம் நாட்டில் தணிக்கை வாரியம் இல்லை, அட்டையில் இருப்பது வெளிநாட்டு முத்திரை, போனில் வருவது கேம் செய்தவனே நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாளை வைத்து வருவது. அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் அதன் பக்கத்தில் எதற்காக அந்த எண் என்று எழுதியிருப்பதையும் படியுங்கள்.

பிஎஸ்4இல் பையனுக்குத் தனி அக்கவுன்ட் திறந்து, வயது வரம்பையும் செலவு வரம்பையும் நீங்களே பூட்டலாம். டீச்சர் சொன்ன வைரக் கதை உங்கள் வீட்டில் வராது. கார்தான் ஆசை என்றால் ராக்கெட் லீக், காரிலேயே ஃபுட்பால் ஆடுவது, காசு கிடையாது. மற்றவர்கள் பேசுவதை மட்டும் அணைத்துவிடுங்கள். மைன்கிராஃப்ட் இருக்கவே இருக்கிறது.

ஜமுனா (ஓசூர்)

இட் டேக்ஸ் டூ பிஎஸ்4இல் உண்டு. ஐரோப்பாவில் 12 முத்திரை, உங்கள் பையனுக்கு ஒரு வருடம் முன்னதாகத்தான், ஆனால் ஒரு விஷயம் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பிரியப் போகிற அப்பா அம்மா பொம்மைகளாக மாறிவிடுகிறார்கள். மகள் அழுதால் பழையபடி ஆகிவிடலாம் என்று நினைத்து, அவளுக்குப் பிடித்த யானை பொம்மையை அவர்கள் இழுத்துப் போய்த் தள்ளிவிட வேண்டும். யானை கெஞ்சுகிறது. நாம் பொத்தானை அழுத்தி இழுக்க வேண்டும். ஒரு சொட்டு ரத்தம் இல்லை, பஞ்சு பொம்மைதான். விட்சரில் எத்தனையோ தலை சீவியிருக்கிறேன், அந்த யானையிடம்தான் கை நின்றது.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

இவன் அப்பா இல்லாத வீடு. யானையைவிட அந்தப் பிரிகிற கதைதான் எனக்கு யோசனையாக இருக்கிறது. ஆனால் எப்போதாவது பேசியாக வேண்டிய விஷயம். அந்த இடம் வரும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளலாமா?

ஜமுனா (ஓசூர்)

உட்காராமல் முடியாதுங்க. அது இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஓடும், தனியாக ஆடவே முடியாது. ஒரு ஜாய்ஸ்டிக் உங்கள் கையில்தான் இருக்கும்.

மாந்தோப்பு வீடு (காவேரிப்பட்டணம்)

எனக்கு அதெல்லாம் பிடிக்கவே தெரியாதே. அதுவும் போக, இங்கே ஒன்றுதான் இருக்கிறது.

கடைக்காரன் (தருமபுரி)

பிடிப்பதை உங்கள் மகனே சொல்லிக் கொடுப்பான், நன்றாகத் திட்டுவான், தாங்கிக்கொள்ளுங்கள். கடையில் பழைய ஜாய்ஸ்டிக் இரண்டு கிடக்கிறது. ஒன்றில் இடது குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கும், அதைத் தர மாட்டேன். தருமபுரி வரும்போது வாருங்கள், மாட்டி ஆடிப் பார்த்துவிட்டே எடுத்துப் போகலாம்.